நான்காவது பூதான் தலையில் நின்றது

நேற்றுச் சாயங்காலம் அக்கா, நான் பட்டுத் துணியில் செய்த பூவை இடது காதுக்கு மேலே செருகிக்கொண்டு வெளியே போனாள். நான்கு மணி நேரம் கழித்து வந்ததும் எதுவும் பேசாமல் தலையைத் திருப்பிக் காட்டினாள். செருகின இடத்திலேயே இருந்தது. இதழ் ஒன்றுகூடத் தொங்கவில்லை. மூன்று பூக்களைக் கெடுத்த பிறகு நான்காவதில் கிடைத்த பலன் இது. வாரக் கடைசிகளில் மட்டும் உட்கார்ந்து செய்ததில் ஆறு வாரம் ஓடிவிட்டது. அளவெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

செய்ய நினைத்தது 1940-களின் பாணியில் ஒரு பெரிய வெள்ளைப் பூ. அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் பழைய புகைப்படங்களில் காதோரம் இருக்குமே, அந்தக் கார்டீனியா மாதிரி. முடி சுருட்டும் இடுக்கியில் தலைமுடி கருகிப்போனதை மறைக்கத்தான் அவர் முதன்முதலில் பூ வைத்தார் என்று ஒரு கதை உண்டு. இந்த ஆறு வாரத்தில் நானும் நிறையக் கருக்கிவிட்டதால் அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் வைத்தது நிஜப் பூ. எனக்கு வேண்டியது வாடாத பூ, ஆனால் பிளாஸ்டிக் மாதிரி மினுக்காத பூ. அந்தக் காலத்துத் தொப்பிகளில் பட்டுப் பூ தைத்திருப்பார்கள். இதழ் கிண்ணம்போலக் குழிந்து, ஓரம் வெளிப்பக்கம் லேசாகச் சுருண்டு, அடியில் இளம்பச்சை கசிந்திருக்கும். அதுதான் இலக்கு.

முதல் பூவுக்கு எல்லோரும் செய்கிற சுலபமான வழியைத்தான் பிடித்தேன். பாலியெஸ்டர் சாட்டின் துணியை வட்டம் வட்டமாக வெட்டி, ஓரத்தை மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கத்தில் சுற்றிக் காட்டினால் துணி உருகிச் சுருளும். பெரிதிலிருந்து சின்னது வரை ஏழு வட்டம் அடுக்கி, நடுவில் முத்து வைத்துத் தைத்தால் பூ. இருபது நிமிட வேலை. நான்கடி தள்ளி நின்று பார்த்தால் மோசமில்லை. கிட்டே போனால் ஓரமெல்லாம் பழுப்புக் கோடு, தடவினால் உருகி இறுகின மணிமணியான பிசிறு, போதாததற்கு சாட்டினின் அந்தப் பளபளப்பு. அக்கா வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான்டி இருக்கு, பரிசுப் பெட்டி மேல ஒட்டுறதுக்கு” என்றாள்.

துணியில்தான் கோளாறு என்று பட்டுக்கு மாறினேன். ஆனால் மெழுகுவத்தியை விடவில்லை. பட்டு உருகாது, எரியும். தலைமுடி கருகிய வாடையோடு ஓரம் கறுத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அதிலிருந்து ஒன்று மட்டும் உருப்படியாகக் கற்றுக்கொண்டேன். பட்டு என்று சொல்லி விற்கிற துணியின் ஓரத்தில் நாலு நூலை உருவி, குறட்டில் பிடித்துக் கொளுத்திப் பார்ப்பேன். கருகிய முடி வாடையும் விரலில் பொடியாகும் சாம்பலும் வந்தால் பட்டு. உருகிக் கெட்டியான உருண்டையாக நின்றால் செயற்கை இழை. வாங்கின மூன்று துண்டில் ஒன்று உருண்டையாகத்தான் நின்றது.

பழைய காலத்துப் பூ செய்கிறவர்கள் துணியை முதலில் விறைப்பாக்கி, வெட்டி, பிறகு சூடான இரும்புக் குண்டால் அழுத்தி வடிவம் கொடுத்தார்கள் என்று அதற்கப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அதாவது இதழை வளைப்பது நெருப்பு இல்லை. விறைப்பும் சூடும் அழுத்தமும் சேர்ந்து வளைக்கின்றன. இங்கிருந்துதான் வேலை ஒழுங்கான திசையில் போனது.

துணி, 8 மொம்மே எடையுள்ள மெல்லிய ஹபோட்டாய் பட்டு. ஒரு மொம்மே என்பது சதுர மீட்டருக்கு 4.34 கிராம். ஆக இது சதுர மீட்டருக்குச் சுமார் 35 கிராம், கையில் எடுத்தால் இருப்பதே தெரியாது. ஒரு பூவுக்கு 45 சென்டிமீட்டர் சதுரம் போதும், அதிலேயே கெடுத்துத் தள்ள உபரி இதழ்களும் கிடைக்கும். மொத்தச் செலவைப் பிரித்துப் பார்த்தால் முக்கால் பங்கு பட்டுக்குத்தான் போயிருக்கிறது. மற்ற எல்லாம் சேர்ந்து கால் பங்கு. அந்தப் பட்டிலும் பாதி இரண்டாவது பூவோடு குப்பைக்குப் போனதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

முதலில் நிறம். சுத்த வெள்ளை புதுசாகத் தெரியும், பழைய பூவின் வெள்ளை கொஞ்சம் மஞ்சள் ஏறினது. அதற்குத் தேயிலைச் சாயம். ஒரு லிட்டர் வெந்நீரில் நான்கு தேநீர்ப் பைகளைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து எடுத்துவிட்டு, பட்டை நனைத்துப் பிழிந்து போட வேண்டும். பட்டு சாயத்தை வேகமாகக் குடிக்கும். முதல் தடவை இருபது நிமிடம் ஊறவிட்டதில் துணி பார்சல் காகித நிறத்துக்கு வந்துவிட்டது. நான்கு நிமிடம் போதும். ஈரத்தில் பார்க்கும்போது நிறம் அழுத்தமாகத் தெரியும், காய்ந்தால் ஒரு படி வெளுக்கும். அதனால் ஒரு சின்னத் துண்டை முதலில் நனைத்து, இஸ்திரி போட்டுக் காயவைத்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இங்கே ஒரு முட்டாள்தனம் செய்தேன். சாயம் போட்ட துணியைக் கொடியில் மாட்ட, மேஜையில் கிடந்த கறுப்பு பைண்டர் கிளிப்புகளை எடுத்தேன். பழசு, ஓரத்தில் பெயின்ட் உரிந்து துருப்பிடித்தது. மறுநாள் பார்த்தால் கிளிப் கடித்த இடமெல்லாம் சாம்பல் நிறத் திட்டு, நாலு பக்கமும். துருக்கறை என்றால் பழுப்பாகத்தானே இருக்க வேண்டும் என்று முழித்தேன். தேயிலையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைத் தொட்டால் சாம்பல் கறுப்பாக மாறும். பழைய காலத்து எழுதுமை செய்ததே ஏறக்குறைய இப்படித்தான். எத்தனை தடவை அலசியும் போகவில்லை. அந்தத் திட்டுகளைத் தவிர்த்து வெட்டலாம் என்று சமாளித்ததில் இரண்டு இதழில் அது வந்துவிட்டது. இப்போது மரக் கிளிப்தான்.

நிறம் ஏறிக் காய்ந்த பிறகு விறைப்பு. 10 கிராம் ஜெலட்டின் தூளை 50 மில்லி குளிர்ந்த தண்ணீரில் தூவிப் பத்து நிமிடம் விட்டால் ஊதி நிற்கும். அதில் 200 மில்லி வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் தெளிவாகக் கரையும். கொதிக்கவிடக் கூடாது, கொதித்தால் ஒட்டும் வலு குறைந்துவிடும். துணியை முக்கி, இரண்டு விரலுக்கு நடுவில் உருவி உபரியை எடுத்துவிட்டுச் சட்டத்தில் இழுத்து மாட்ட வேண்டும். நான் முதலில் என்ன செய்தேன்? செய்தித்தாள் மேல் விரித்துப் போட்டேன். காய்ந்ததும் ஜெலட்டின் பசையாக மாறித் துணியும் தாளும் ஒன்றாகிவிட்டன. உரித்து எடுத்த பட்டில் ஒரு விளம்பரம் பாதி தலைகீழாகப் பதிந்திருந்தது. பிறகு ஒரு பழைய படச் சட்டத்தின் நாலு விளிம்பிலும் பிளாஸ்டிக் டேப் ஒட்டி, அதில் துணியைக் குண்டூசியால் இழுத்துக் குத்தினேன். இழை நேராக நிற்கிறதா என்று பார்த்து இழுக்க வேண்டும், கோணலாகக் காய்ந்தால் கோணலாகவே நிற்கும். ஒரு ராத்திரி போதும். சரியாக வந்ததா என்பதற்குச் சோதனை எளிது. காய்ந்த துணியை ஆட்டினால் வெண்ணெய்த் தாள் மாதிரிச் சலசலக்க வேண்டும்.

வெட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. இதழின் நீளவாக்கு துணியின் இழைக்கு 45 டிகிரி சாய்வாக இருக்க வேண்டும். அப்படி வெட்டினால்தான் குண்டு அழுத்தும்போது துணி இழுபட்டுக் குழியும், ஓரத்தில் நூலும் அவ்வளவாகப் பிரியாது. நேர் இழையில் வெட்டினதைக் குழித்துப் பார்த்தேன், கிண்ணம் வராமல் நாலு மூலையில் மடிப்பு விழுந்தது. வெளி வரிசைக்கு ஆறு இதழ், 4.5 சென்டிமீட்டர் அகலம், 5 நீளம். நடு வரிசைக்கு ஐந்து, 3.8-க்கு 4.2. உள் வரிசைக்கு ஐந்து, 3-க்கு 3.5. நடு மொட்டுக்கு மூன்று, 2.5 சென்டிமீட்டர். ஆக 19. எல்லாமே கண்ணீர்த்துளி வடிவம், அடியில் 7 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கின கால். கால் இல்லாமல் வெட்டினால் பிறகு கோக்க இடம் இருக்காது.

இரண்டாவது பூவில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே அட்டை அச்சு வைத்து வெட்டினதால் இதழெல்லாம் முத்திரை குத்தினது போல இருந்தது. நான்காவதில் அச்சைச் சுற்றிப் பென்சில் கோடு போட்டுக்கொண்டேன், ஆனால் வெட்டும்போது கோட்டை அப்படியே பின்பற்றவில்லை. ஒன்றின் தலையில் சின்னப் பள்ளம், ஒன்றில் ஒரு தோள் கொஞ்சம் தூக்கல். பூவுக்குப் பழசுத் தோற்றம் கொடுத்ததில் தேயிலையைவிட இதற்குத்தான் பங்கு அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

இனி குண்டு. இதற்கென்றே பித்தளைக் குண்டு வைத்த இரும்புகள் கிடைக்கின்றன. ஒரு பூவுக்காக அதை வாங்க மனசு வரவில்லை. வீட்டில் தேடினதில் குடைபோல் வளைந்த தலையுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் ஒன்று கிடைத்தது. நீளம் 10 சென்டிமீட்டர், தலை விட்டம் 20 மில்லிமீட்டர். உடைந்த அரத்தின் மரப்பிடியில் துளையிட்டு முறுக்கி இறக்கினேன். அப்படியே சூடாக்கி முதல் இதழை அழுத்தி எடுத்தால், குழி அழகாக விழுந்திருந்தது. குழியின் நடுவில் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வலம் இடம் மாறி ‘ஏ2-70’ என்று பதிந்திருந்தது. போல்ட் தலையில் ஸ்டீலின் தரத்தை முத்திரையாக அடித்திருப்பார்கள், அதை நான் கவனிக்கவே இல்லை. முதலில் அரத்தால் தேய்த்து எழுத்தைப் போக்கி, பிறகு 400, 800, 1200 எண் உப்புத்தாளில் வரிசையாகத் தேய்த்ததில் முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் முகம் பார்க்கலாம் போல ஆனது. பட்டு அவ்வளவு மெல்லியது, ஒரு கீறல் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சூடாக்க மறுபடியும் மெழுகுவத்தியையே எடுத்தேன். பழக்க தோஷம். மெழுகுச் சுடர் கரி படியவைக்கும். மூன்றாவது இதழில் ஒரு கறுப்பு வளையம். துடைத்தால் ஈஷிக்கொண்டு பெரிதானது. அதோடு இரண்டாவது பூ போயிற்று. சாம்பல் திட்டு, கரி வளையம், முத்திரை குத்தின இதழ் எல்லாமும் அதில்தான். எதை எதைச் செய்யக் கூடாது என்பதற்கு மாதிரியாக அதை இன்னும் வைத்திருக்கிறேன். ஸ்பிரிட் விளக்குக்கு மாறினதும் அந்தத் தொல்லை தீர்ந்தது, அதன் நீலச் சுடரில் கரி வராது. சூடு எவ்வளவு என்று அளக்கக் கருவி இல்லை. சுடரில் பத்து எண்ணி, ஈரத் துணியில் தொடுவேன். ‘சுர்’ என்றால் அதிகம், பட்டில் பழுப்பு விழும். மெல்ல ஆவி மட்டும் எழுந்தால் சரி. பிறகு ஒரு வெட்டுத் துண்டில் ஒற்றிப் பார்த்துவிட்டு இதழுக்கு வருவேன். கவனிக்க: விளக்கை மேஜையின் ஒரு ஓரத்திலும் துணியை மறு ஓரத்திலும் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஈரத் துண்டு ஒன்று இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பூவை ஒட்ட முதலில் ஒரு பழைய பக்கச்சீப்பைத்தான் எடுத்து வைத்திருந்தேன், தேன் நிறத்தில் மிக அழகானது. கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கற்பூர வாசனை. அப்படியென்றால் செல்லுலாய்டு என்ற பழைய காலத்துப் பிளாஸ்டிக். அதைச் செய்யும்போது கற்பூரம் சேர்ப்பார்கள், நைட்ரோசெல்லுலோஸ் என்பதால் குபீரென்று பற்றிக்கொள்ளும். சுடரும் சூட்டு இரும்பும் இருக்கிற மேஜையில் அதற்கு இடமே இல்லை, பெட்டிக்குத் திரும்பிவிட்டது. அதேபோல உண்மையான பழங்காலத் துணி இலைகள் எங்காவது கிடைத்தால், அந்தப் பளீர்ப் பச்சையைப் பார்த்து மயங்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பச்சைக்கு ஆர்செனிக் என்ற நஞ்சு கலந்த நிறமியைப் பயன்படுத்தினார்கள். 1861-இல் லண்டனில் மட்டில்டா ஷூரர் என்ற 19 வயதுப் பெண், செயற்கை இலைகளுக்கு அந்தத் தூளைத் தூவும் வேலை செய்துதான் இறந்துபோனாள். நான் இலையைப் புது வெல்வெட்டில் வெட்டிக்கொண்டேன்.

அழுத்தும்போது இதழுக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வேண்டும். தெர்மாகோலில் வைத்தேன், உருகிப் பள்ளமானது. மடித்த துண்டில் வைத்தேன், துண்டின் வரிகள் இதழில் விழுந்தன. கடைசியில் 5 சென்டிமீட்டர் கனமுள்ள பஞ்சு மெத்தைத் துண்டின் மேல் மழமழப்பான பருத்தித் துணியை இரண்டாக மடித்துப் போட்டேன். இதழை வைத்து, ஈர விரலால் ஒரு தரம் தொட்டு, குண்டை நடுவில் அழுத்திக் காலை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். அப்போது சுற்றியிருக்கும் துணி குண்டைத் தழுவிக்கொண்டு எழும்பும். மூன்று வினாடி. எடுத்தால் கையில் ஒரு சின்னக் கிண்ணம். முதல் தடவை இது சரியாக வந்தபோது அடுத்தடுத்து ஏழு இதழை நிறுத்தாமல் செய்தேன். பிறகு இதழைக் கவிழ்த்துப் போட்டு, தலையின் இரண்டு தோளிலும் குண்டின் விளிம்பால் ஒரு அழுத்து. ஓரம் வெளிப்பக்கம் சுருண்டுகொள்ளும். நடு மொட்டு இதழ்களுக்கு இந்த இரண்டாவது அழுத்து வேண்டாம். வெளி வரிசை ஆறில் நான்குக்கு மட்டும் கொடுத்து இரண்டை விட்டேன்.

அடிப்பச்சையை அழுத்துவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். நீர்த்த பட்டுச் சாயத்தில், மஞ்சளும் துளிப் பச்சையும் கலந்து, காலில் இருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே வரை தூரிகையால் தொட்டேன். அதற்கு முன் இதழை வெறும் தண்ணீரால் நனைத்துக்கொண்டால் சாயம் தானாகப் பரவி மங்கும். காய்ந்த இதழில் வைத்தால் கோடு கட்டிக்கொள்ளும்.

மகரந்தத்துக்குத் தடித்த பருத்தி நூலை வெள்ளைப் பசையில் முக்கி இழுத்துக் கட்டிக் காயவைத்து, 3 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, நுனியை மறுபடி கெட்டிப் பசையில் இரண்டு தடவை தொட்டு, மஞ்சள் பூசினேன். உண்மையான கார்டீனியாவில் நடு இப்படித் துருத்திக்கொண்டு இருக்காது, ஆனால் நாலு நூல் எட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

கோப்பதில் இரண்டு தப்பு. முதலாவது கம்பி. கையில் இருந்த சாதாரண இரும்புக் கட்டுக்கம்பியைப் போட்டேன், பசையின் ஈரத்தில் மூன்றே நாளில் துருப்பிடித்தது. 0.5 மில்லிமீட்டர், காகிதம் சுற்றிய பூக்கம்பி வாங்கினதும் சரியாயிற்று. இரண்டாவது, அந்தப் பச்சை டேப். பூக்கட்டுக்கென்று விற்கிறார்களே, மெழுகு ஏறின காகித டேப், அது ஒட்டவே இல்லை. கெட்டுப்போன சரக்கு என்று இரண்டாவது சுருளும் வாங்கினேன். அதுவும் ஒட்டவில்லை. பிறகுதான் புரிந்தது. அதில் பசைப்பக்கம் என்று ஒன்று கிடையாது. இழுத்தால்தான் மெழுகு வெளியே வந்து தன்மேல் தானே ஒட்டும். ஒரு கையால் கம்பியைச் சுழற்றிக்கொண்டே மறு கையால் டேப்பை ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு சுருளும் நல்ல சரக்குதான்.

மூன்றாவது பூ இவ்வளவையும் சரியாகச் செய்து வந்த பூ. பார்க்க அழகு. மேஜையில் வைத்து எத்தனை புகைப்படம் எடுத்தேன் என்று கணக்கில்லை. அதைத் தலையில் வைத்ததும் எல்லாம் வெளுத்துவிட்டது.

சூட்டுப்பசைத் துப்பாக்கியால் அட்டை வட்டத்தில் இதழ்களை ஒட்டி, அட்டையை நேரே இரும்புக் கிளிப்பில் ஒட்டியிருந்தேன். எடை போட்டால் 41 கிராம். கேட்க அதிகமாகத் தெரியாது, ஆனால் வழுவழுப்பான முடியில் கிளிப் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் இறங்கியது. அரைமணி நேரத்தில் பூ காதுக்கு மேலிருந்து கழுத்துக்கு வந்தது. மேலே தூக்கிவைக்க அக்கா பூவைப் பிடித்து இழுத்தாள். பூ கையில், கிளிப் தலையில். வழவழ உலோகத்தில் சூட்டுப்பசை பிடிப்பதே இல்லை, ஒரு தோலாக அப்படியே உரிந்து வந்திருந்தது. சரி, மறுபடி ஒட்டலாம் என்று பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. கிளிப்பின் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று யோசிக்காமலே ஒட்டியிருக்கிறேன். இடது காதுப் பக்கம் வைத்தால் இலைகள் இரண்டும் முன்னால், முகத்தைக் குத்துகிற மாதிரி. வலப்பக்கம் வைத்தால் பூ தலைகீழ்.

அதனால் நான்காவது பூவைப் பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன். கிளிப்பைக் கண்ணாடி முன்னால் அக்காவின் இடது காதுக்கு மேலே மாட்டி, வாய் பின்னால் இருந்து முன்னோக்கிக் கடிக்கும்படி வைத்து, எது மேல், எது முன் என்று கிளிப்பிலேயே மார்க்கரால் குறித்துக்கொண்டேன். 55 மில்லிமீட்டர் நீளம், இரண்டு கால் உள்ள கிளிப். உலோகம் தெரியாமல் மேல் தகடு முழுவதும் ஒரு சென்டிமீட்டர் ரிப்பனைச் சுற்றித் தைத்தேன், வாயின் உள்பக்கமும் ரிப்பன் வந்தது. வரி வரியாக நெய்த ரிப்பனாக இருந்தால் முடியை நன்றாகப் பிடிக்கிறது, சாட்டின் ரிப்பன் வழுக்கும். ஃபெல்ட் துணியில் 3.5 சென்டிமீட்டர் வட்டம் இரண்டு. ஒன்றில் இரண்டு கீறல் போட்டு, கிளிப்பின் மேல் தகட்டை அதில் நுழைத்து, ரிப்பனோடு சேர்த்துத் தைத்தாயிற்று. மற்றொன்று பூவின் அடி. இதழ்களின் காலைப் பசையில் தொட்டு இடத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரிசை முடிந்ததும் இரட்டை நூலால் கால்கள் வழியே ஃபெல்ட்டோடு தைத்தேன். கடைசியில் இரண்டு வட்டத்தையும் ஓரத்தைச் சுற்றிக் கம்பளித் தையலில் மூடினேன். சூட்டுப்பசை ஒரு சொட்டுகூட இல்லை. பூவின் விட்டம் 8.5 சென்டிமீட்டர், எடை 17 கிராம்.

ஃபெல்ட்டின் மேல் ஓரத்தில் ரிப்பனால் ஒரு சின்ன வளையமும் தைத்திருக்கிறேன். கிளிப்பை மாட்டின பிறகு ஒரு கொண்டை ஊசியை அதன் வழியாக முடியில் குறுக்கே செருகினால் பூ முன்னும் பின்னும் ஆடாது. நான் செய்ததிலேயே மலிவான திருத்தம் இதுதான், பலனும் இதற்குத்தான் அதிகம். நேற்று நான்கு மணி நேரம் நின்றதற்கு எடை குறைந்தது பாதிக் காரணம் என்றால், இந்த வளையம் மீதிப் பாதி.

வெளியே அனுப்புவதற்கு முன் ஒரு சோதனையும் செய்தேன். வெந்நீர்க் குளியல் முடிந்த குளியலறையில், ஆவி நிறைந்திருக்கும்போதே, பூவை இருபது நிமிடம் தொங்கவிட்டேன். ஜெலட்டின் ஈரத்தைக் குடிக்கும் பொருள். நினைத்தபடியே வெளி வரிசையின் ஆறு இதழும் தளர்ந்து கவிழ்ந்தன, உள் வரிசைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு தப்பின. காய்ந்த பிறகு விரலால் மடக்கி, குண்டால் ஒரு தரம் அழுத்தினதும் பழையபடி நின்றது. பட்டுக்கு இது ஒரு வசதி, திரும்பத் திரும்பத் திருத்தலாம். ஆனால் மழையில் நனைந்தால் கதை முடிந்தது.

அதனால் அடுத்ததில் வெளி வரிசைக்கு மட்டும் ஜெலட்டினுக்குப் பதில் வெள்ளைப் பசையை மூன்று பங்கு தண்ணீரில் கரைத்து ஏற்றப் போகிறேன். ஒரு துண்டில் போட்டுப் பார்த்தேன். ஈரத்துக்குத் தாக்குப்பிடிக்கிறது, ஆனால் பட்டு கொஞ்சம் பிளாஸ்டிக் பளபளப்பு வாங்குகிறது. நடு இதழில் அது பொறுக்காது, பின்வரிசையில் யாருக்கும் தெரியாது. சூடு காட்டும்போது குண்டில் பசை ஒட்டாமல் இருக்க நடுவில் வெண்ணெய்த் தாள் வைக்க வேண்டும். போல்ட்டிலும் 12 மில்லிமீட்டர் தலையுள்ள இன்னொன்று தேவை, உள் வரிசையின் சின்ன இதழுக்கு 20 பெரிதாக இருக்கிறது. வெல்வெட் இலையில் நரம்பு போட மழுங்கின கத்தியைச் சூடாக்கிக் கீறினேன், சுமாராகத்தான் வந்தது. அதற்கும் வேறு ஏதாவது பார்க்க வேண்டும்.

நேரம் என்று பார்த்தால், சாயமும் விறைப்பும் காய்கிற நேரத்தை விட்டுவிட்டு, நான்காவது பூவுக்கு ஏழு மணி நேரம். அதில் தையல் மட்டும் இரண்டரை.

அக்கா இன்னும் பூவைத் திருப்பித் தரவில்லை. “அடுத்தது வலது பக்கத்துக்கு வேணும்டி, கொஞ்சம் சின்னதா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சட்டத்தில் பட்டு காய்ந்துகொண்டிருக்கிறது. புதுக் கிளிப்பின் ரிப்பனில் முதல் வேலையாகப் பென்சிலால் ‘வலது’ என்று எழுதிவிட்டேன்.